எலுமிச்சைப் பாவாடை

சனிக்கிழமை பெண்களுக்கு.
ஞாயிறு ஆண்களுக்கு. அன்று எனக்கு வியாபாரம் மந்தம்,
பெல்ட், தொப்பி, கைபேசி பார்த்துக்கொள்வதோடு சரி.

லீமா நகரம் முடிகிற இடம். புல் முளைக்காத குன்று,
அதன் காலடியில் மதில்,
மதிலுக்கு எதிரே நீலத் தார்ப்பாய் கட்டிய என் கடை.
மழை என்று சொல்ல முடியாத ஓர் ஈரத்தில்
விடிகாலை நாலுக்கே வரிசை நிற்கும்.

புதியவளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.
ஜீன்ஸ் போட்டிருப்பாள்.
தலையில் கிளிப், காலில் தடித்த பூட்ஸ், பையில் அன்னாசி.
வாயிற்காவலன் தலையை மட்டும் ஆட்டுவான்.
ஏன் என்று கேட்டால் பலகையைக் காட்டுவான்.
பலகையில் இருப்பது போன ஆண்டின் விதிகள்.

இந்த ஆண்டின் விதிகள் என்னிடம் இருக்கின்றன.
கால்சட்டை ஆகாது. கறுப்பு ஆகாது, அது காவலர் நிறம்.
கம்பி வைத்த உள்ளாடையா, இந்தா கத்தரிக்கோல், உருவிவிடு.
அன்னாசி புளித்தால் சாராயம்; என்னிடம் கொடு,
நறுக்கி விற்றுப் பாதிக் காசு தருகிறேன்.
பாவாடை இரண்டு சோல். ரப்பர்ச் செருப்பு ஒன்று.
முன்கையில் மூன்று முத்திரை குத்துவார்கள்.
வியர்க்காதே. அழுதால் அந்தக் கையால் துடைக்காதே.
மை கலைந்தால் வெளியே விடமாட்டார்கள்,
அவனுக்கும் உனக்கும் அங்கே அந்த மைதான் வித்தியாசம்.

மொத்தம் பதினேழு பாவாடை. எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக்,
ஒல்லிக்கும் பருமனுக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அதுவே.
எலுமிச்சம்பழம் அச்சிட்டதற்குத்தான் போட்டி.
நேலிடா ஒருநாள் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தாள்:
ஐந்தாம் கொட்டடியில் அதை எல்லோருக்கும் தெரியுமாம்.
'எலுமிச்சை இன்று யாருக்கு வந்திருக்கு?' என்று
மாடியிலிருந்து கூவுகிறார்களாம்.
அவள் மடியில் தலை வைத்தவன்
இது யார் வீட்டுச் சோப்பு என்று கேட்டானாம்.

என் வீட்டுச் சோப்பு.
வாளியில் ஊறவைத்து, கும்மி, பிழிகிறேன்.
சிலதில் சோறு ஒட்டியிருக்கும். சிலதில் முழங்கால் மண்.
நான் கேட்பதில்லை.

எனக்கும் உள்ளே ஆள் உண்டு.
தம்பி தெயோஃபிலோ. ஐந்தாம் கொட்டடிதான்.
பதினொரு ஆண்டில் நாலு கழிந்தது.
பாவாடை என்னிடம் இருக்கிறது, செருப்பு இருக்கிறது,
உடன்பிறந்தவள் என்ற சான்றிதழ் பிளாஸ்டிக் உறையில்
நனையாமல் இருக்கிறது.
ஆனால் உள்ளிருப்பவன் தன் கைப்பட எழுதித் தர வேண்டும்,
யார் யார் வரலாம் என்று. பத்துப் பேருக்கு இடம்.
மூன்று பேரை எழுதியிருக்கிறான்.
மீதி ஏழு கோடும் காலி என்று சொன்ன எழுத்தர்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

நீதிமன்றத்தில் கேட்டார்கள்,
அந்த இரவு அவன் வீட்டில் இருந்தானா என்று.
இல்லை என்றேன்.
இல்லைதான்.

போன சனிக்கிழமை எலுமிச்சையின் இடுப்பு உள்ளேயே அறுந்துபோனது.
கட்டிப்போன பெண் மன்னிப்பு கேட்டாள்,
யாரோ ஒருவர் ஊசி கொண்டுவந்தார் என்றாள்,
ஊசி அங்கே எப்படி என்று நானும் கேட்கவில்லை.
சாக்கு நூல். நெருக்கமான தையல்.
கடைசியில் முடிச்சுப் போடாமல்
வந்த வழியே மூன்று முறை திரும்பத் தைத்து நிறுத்தியிருந்தது.
எங்கள் வீட்டில் அப்படித்தான் நிறுத்துவோம்.
மலையிலிருந்து இறங்கி வந்தவர்களில் பாதிப் பேர்
அப்படித்தான் நிறுத்துவார்கள்.

யார், எப்படி இருந்தார், வயசென்ன?
தெரியாது, குனிந்து தைத்தார் என்றாள்.
உச்சியில் முடி கொட்டியிருந்தது.
தம்பிக்கு முடி அடர்த்தி. நாலு ஆண்டுக்கு முன்னால்.

இன்று சனிக்கிழமை.
ஜீன்ஸ் போட்ட ஒருத்தி வரிசையிலிருந்து வெளியே வருகிறாள்,
பையில் அன்னாசியின் தலை தெரிகிறது.
எலுமிச்சையைத் தொட்டு, எவ்வளவு என்கிறாள்.
இரண்டு சோல்.
இடப்பக்கம் மட்டும் பார்த்து இழு.