நாற்பது சென்டிமீட்டர்

ஓலொமௌத்ஸுக்கு வடக்கே
பனி கரையாத ஒரு தோட்டத்தில்
அளவு நாடாவோடு நிற்கிறேன்,
மாவட்டக் கால்நடை அலுவலகத்தின் ஆள்.
கம்பிவேலி நாற்பது சென்டிமீட்டர் குட்டை.
வ்ராதிஸ்லாவ் ஹொரா தொப்பியைக் கழற்றி,
"நேற்று வரை சரியாகத்தானே இருந்தது" என்கிறார்.
நேற்று வரை வேறு சட்டம்.

உள்ளே பூமா.
பெயர் ஷ்வெஸ்த்கா; அவர்கள் மொழியில் பிளம் பழம்.
ஒரு கார் நிறுத்துமிடத்தில், வாழைப்பழ அட்டைப்பெட்டியில்
கண் திறக்காத குட்டியாக வாங்கினாராம்.
ரசீது?
சிரிக்கிறார்.
டிராம் பணிமனையின் மசகு இன்னும் போகாத விரலால்
காற்றில் ஒரு ரசீது எழுதிக் காட்டுகிறார்.

இரட்டைக் கதவு: உண்டு.
பூட்டு: உண்டு, துருவோடு.
இனப்பெருக்கம்:
பதினாறு வயதுக் கிழவியைப் பற்றி
அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கே கூச்சம்.
இனிப் புதிதாக வாங்கக் கூடாது,
இருப்பது இருக்கும்வரை இருக்கலாம்.
சட்டம் இப்படியும் சில சமயம் பேசிவிடுகிறது.

கம்பி இடுக்கில் கைவிட்டு முதுகைச் சொறிகிறார்.
அதற்கு உறுமத் தெரியவில்லை.
அடுப்பில் மறந்துவிட்ட கெட்டில்போல்
குர்குர், குர்குர்.
நானும் நாடாவை மறந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுச் சிறுமி
சிவப்பு மிதிவண்டியில் வேலிக்கு அப்பால் போனாள்.

குர்குர் நின்றது.
காதுகள் முன்னோக்கித் திரும்பின.
வயிறு பனியைத் தொட்டது.
வால் நுனி மட்டும் ஆடியது.
பதினாறு வருடக் கோழியும் கொஞ்சலும் பெயரும்
அந்தக் கண்ணில் எங்குமே இல்லை.
அவர் கை அதன் முதுகிலேயே இருந்தது,
வேறு யாருடையதோ போல.

ஒன்றும் நடக்கவில்லை.
மிதிவண்டி முனை திரும்பியது.
அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரை.
கண்டதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.
குறை நாற்பது சென்டிமீட்டர், கெடு முப்பது நாள்
என்று எழுதினேன்.

கடைசிக் கேள்வி:
உரிமையாளர் இறந்தால் பொறுப்பு யாருக்கு?
பேனாவை நீட்டினேன்.
மகள் பெயரைத் தொடங்கி
முதல் எழுத்தோடு நிறுத்தினார்.
அவளுக்கு இரண்டு குழந்தைகள், சின்னது இப்போதுதான் நடக்கிறது.

முப்பதாம் நாள் மறுபடி போனேன்.
புதுக் கம்பி, புது முளை.
நாற்பத்திரண்டு கூடியிருந்தது.
இந்த இரண்டு எதற்கு என்றேன்.
"குளிரில் உங்கள் நாடா சுருங்கியிருந்தால்?" என்றார்,
மிதிவண்டி போன பாதையைப் பார்த்தபடி.

கையெழுத்துப் போட்டேன்.
அந்தக் கட்டத்தில் இன்னும்
ஓர் எழுத்துதான்.