கால் நொடி

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி மூன்றாம் மாடி.
கீழே ஏத்தங்காய் வறுக்கிறார்கள்;
விசைப்பலகை வரைக்கும் எண்ணெய் வாசம்.
கனலியின் சூட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்:
இருநூற்று நாற்பது,
இருநூற்றுப் பத்து.

புதிதாக வார்த்த முதல் வாரம்
எல்லாரையும் எரித்தாள்.
அடுத்த வாரம்
நூறு ஆட்டத்தில் முப்பத்தெட்டு.

தக்கலையிலிருந்து ஸ்டான்வின் கூப்பிட்டான்:
"எல, அவள கொன்னு போட்டியே.
மந்திரம் வாயில இருக்கச்சிலயே வெட்டுறானுவ."

மழை. கரண்ட் போனது.
யுபிஎஸ் கீச்சிட்ட பதினோரு நிமிடத்தில்
சூட்டைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.
உச்சரிக்கும் நேரத்தில் மட்டும்
கால் நொடி கிள்ளினேன்.

இப்போது ஐம்பது புள்ளி இரண்டு.
திட்டு நிற்கவில்லை.
ஸ்டான்வின் தோற்றுவிட்டு, ராத்திரி இரண்டரைக்கு,
ஒரு வரி அனுப்புகிறான்:
"இந்த வாட்டி
எனக்க தப்புதான்."