ஆற்றில் போடும் காசு

பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில்
நூற்றிருபது கதிரைகள்.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
ஊர்த்தலைவி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்:
ஐந்தாவது விடயம், பாலம்.

எனக்கு இது முதல் கூட்டம்.
சிவப்புக் கடவுச்சீட்டு வந்து ஏழு கிழமை.
வாசலிலேயே பென்சில் ஒன்று தந்தார்கள்,
இடப்பக்க வரிசைகளில் கை எண்ணுவது நானாம்.
சோற்று வாளியோடு பந்தி பந்தியாய்த்
தலை எண்ணியவள், கை எண்ணமாட்டேனா
என்று இருந்தேன்.

பொறியியலாளர் படம் காட்டினார்.
சிமெந்துக்குள் கம்பி
சூத்தை விழுந்த பல்லாய்க் கறுத்திருந்தது.
நான்கு இலட்சத்து எண்பதாயிரம் பிராங்.
பாதியை மாநிலம் தரும், மீதிக்கு வரி ஏறும்.
இல்லையென்றால் தடுப்புப் போட்டு
நடக்க மட்டும் விடலாம்,
மஞ்சள் பஸ் தேவாலயத்தோடு திரும்பிவிடும்.
அக்கரையில் நான்கு வீடு,
வாக்குள்ளவர் பதினொரு பேர்,
ஐம்பத்து மூன்று மாடு.

தச்சுப்பட்டறை பெர்ச்சி எழும்பினார்:
கடக்கிறவன் கட்டட்டும்,
ஒரு உண்டியல் வையுங்கள், தடவைக்கு இரண்டு பிராங்.
பின்வரிசையில் ஒருத்தி:
உங்கள் மூன்று பிள்ளைகளும் குதித்து விளையாடிய இந்தத் தரைக்கு
பிள்ளையில்லாத நான் ஏன் கட்டினேன்?
மண்டபம் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.

நானும் வீட்டில் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்,
மின்சாரப் பில்லின் முதுகில்.
வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு, மூன்று வருடம்.
மகனுக்குப் பனிச் சப்பாத்து,
அல்லது பேர்ன் தமிழ்க்கடையில் நான்கு மாத மீன்.
அந்தப் பாலத்தை இரண்டே தரம்தான் கடந்திருக்கிறேன்,
ஒரு தரம் வழி தவறி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துவிட்டேன்.
வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஆமென்போர் கை உயர்த்துங்கள்.

மா ஒட்டிய கை.
மோதிரம் இறுகிப்போன கை.
பஸ் ஓட்டுகிற வெரேனாவின் கை, கொடிக்கம்பம்.
காதளவில் நின்று யோசித்த ஒரு கை,
அதை எண்ணுவதா விடுவதா?
முதல் வரிசையில் அக்கரைக்காரர்.
பத்துக் கை.
பதினோராவது மடியில் கிடந்தது.

ஹன்சுவேலி ரோத்.
மாடுகளில் முப்பது அவருடையவை.
கடன் கேட்கப் போன வீட்டில்
கதிரை நுனியில் இருப்பவரைப்போல
தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இருப்பு எனக்குத் தெரியும்.
சமூக உதவிக் காரியாலயத்தில்
பதினான்கு மாதம் அப்படித்தான் இருந்தேன்.
ஊர்க்காசில் வாங்கிய பால்மாவைப்
பையின் அடியில் வைத்து, மேலே வெங்காயம் பரப்பி
வீட்டுக்கு வருவேன்.

எண் தவறிப்போனது.
முப்பத்தேழா, முப்பத்தெட்டா?
மன்னிக்கவும், திரும்ப ஒரு தரம் என்றேன்,
என் உடைந்த ஜெர்மன்
கூரைவரைக்கும் போய் வந்தது.
முனகிக்கொண்டு கைகள் எழுந்தன.
இந்தத் தடவை நாற்பத்தொன்று.
ஒன்று என்னுடையது, பென்சிலோடு.
மற்றவை எங்கிருந்து வந்தன, தெரியாது.
ரோத்தின் கை மடியிலேயே கிடந்தது.

பதினாறு வாக்கால் பாலம் தப்பியது.
மேலங்கிகள் தொங்கும் இடத்தில் அவர் நின்றார்.
இரண்டு தரம் எண்ணினீர்கள், என்றார்.
ஓம், என்றேன்.
அடுத்து ஒரு சொல் சொன்னார்.
நல்லது என்றாரா, வீண் செலவு என்றாரா,
இந்த ஊர்ப் பேச்சு
எனக்கு இன்னும் முழுதாய் விளங்காது.

ஒக்டோபரில் வரிப்படிவம் வந்தது.
திட்டிக்கொண்டே தவணைக்கு எழுதிப்போட்டேன்.
முதல் தவணை கட்டிய சனிக்கிழமை
பஸ் ஏறி அக்கரைவரை போய்த் திரும்பினேன்.
ஒரு அலுவலும் இல்லை, சும்மா.
பாலத்தில் வெரேனா வேகத்தைக் குறைத்தாள்.
மழை பெய்து ஆறு கலங்கி ஓடியது.
ரிக்கெட் நான்கு பிராங் நாற்பது.
அதையும்
பில்லின் முதுகில் எழுதிவைத்தேன்.