முறை இல்லாத ஆட்டம்

முதல் பாகத்தில் கட்டங்கள் இருந்தன,
தேனடை மாதிரி அறுகோணமாக.
ஒருவர் நகர்ந்தால் மற்றவர் நிற்பார்.
எய்த அம்பு பாதி வழியில் காத்திருக்கும்
நீ குவைத்தில் ஷிப்ட் முடிந்து வரும்வரை.

இரண்டு வருஷம் அப்படித்தான் ஆடினோம்.
காலையில் போனைத் திறந்தால் 'உங்கள் முறை' என்றிருக்கும்.
நடுத்தெருவில் மீன்காரரின் ஹாரன் கேட்கையில்
வில்லாளியைப் பாறைக்குப் பின்னே நிறுத்துவேன்.
அப்புறம் நாளெல்லாம், சீலாவை அரியும்போதுகூட
ஒரே யோசனை:
வைத்தியனை அனுப்புவாயா, பாலத்தை எரிப்பாயா.
கோட்டை விழ நாற்பத்தோரு நாள் ஆனது.
"பாலத்தை எரிச்சிட்டாராமா?" என்று
உம்மாவே அடுப்படியில் கேட்க ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாம் பாகத்தில் கட்டமும் இல்லை, முறையும் இல்லை.
பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஏசினார்கள், நீயும்தான்:
"இது மூளைக்கு இல்ல ஜவ்ஹரா, விரலுக்கு."

கீழக்கரையில் பதினொன்றரை, உனக்கு ஒன்பது.
இனி இருவரும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும்.
கல்யாணமாகி நாலு வருஷம்.
ஒரே நேரத்தில் இருந்தது
எழுபத்தெட்டு நாள்.

முதல் ராத்திரி மூன்று தடவை செத்தேன்.
யோசித்ததுதான் காரணம்.
நாலாவது தடவை ஓநாய் பாய்ந்தது, உருண்டேன்,
எழும்போதே வெட்டினேன்.
என் கட்டைவிரலுக்கு இவ்வளவு கோபம் இருந்தது
எனக்கே தெரியாது.

நீ மரத்தடியில் நின்று
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய்.
"பொறு, முதல்ல நான் இடப்பக்கம், அப்புறம் நீ..."
"ஓரமா போ!" என்று கத்திவிட்டேன்.

போ.
நிக்காஹ் நாளிலிருந்து
வாயால் உன்னை 'நீங்க' தவிர வேறு சொன்னதில்லை.
உம்மா பக்கத்து அறையில் லைட்டைப் போட்டாள்.

அதற்குள் நீ விழுந்திருந்தாய்.
"நிறுத்து, ஒரு நிமிஷம் நிறுத்து."
நிறுத்தும் பட்டனைத் தேடினேன், சத்தியமாக.
இந்த ஆட்டத்தில் அப்படி ஒன்று வைக்கவில்லை.

விழுந்தவரை எழுப்ப
ஐந்து விநாடி விரலை எடுக்காமல் அழுத்த வேண்டும்.
சுற்றிலும் ஏழு ஓநாய்.
"கெடங்க, வாரேன்" என்றேன்.

ஏழும் முடிந்தபோது
இயர்போனில் உன் அறையின் ஏசி இரைச்சல் மட்டும்.
ஜன்னல் வழியே ஜெட்டிப் பக்கத்துக் காற்று
உப்பைக் கொண்டுவந்து திரையில் ஒட்டியது.
வெகுநேரம் கழித்து,
"இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?" என்றாய்.

பதில் சொல்லவில்லை.
துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்துவிட்டு
உன்மேல் விரலை வைத்து
எண்ண ஆரம்பித்தேன்,
கொஞ்சம் மெதுவாகவே.