மூட்டை மட்டும்

புளியரையில் எனக்கு டயர் கழுவுகிற வேலை.
மலைக்கு அந்தப் பக்கம் கோழிகள் சாகிற மாதங்களில்
மேற்கிலிருந்து இறங்கும் ஒவ்வொரு லாரிக்கும்
முன்சக்கரம், பின்சக்கரம் என்று மருந்தடிப்பேன்.
கோழி இருந்தால், முட்டை இருந்தால்,
கூடையில் ஒரு வாத்துக்குஞ்சு கத்தினால்கூட
திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பியிருக்கிறேன்.
ஒப்பந்தச் சம்பளம். ரப்பர் பூட்ஸ் அவர்கள் கொடுத்தது,
வலதுகால் மட்டும் ஓர் அளவு பெரிது.

ராத்திரி நான் லாரி ஓட்டுவேன்.
டிவியில்தான். பதினாறு சக்கரம்,
பனி பெய்கிற ஏதோ ஒரு தேசம்,
பெயர் வாயில் நுழையாத ஊர்களுக்கு மரச்சட்டம் ஏற்றிக்கொண்டு.
அந்தத் தேசத்தில் யாரும் டயருக்கு மருந்தடிப்பதில்லை.

பெட்டியைப் புனலூர் ஷைஜுவிடம் வாங்கினேன்.
உள்ளே நாற்பது விளையாட்டு, எல்லாம் சேர்த்து ஏழாயிரம்.
"நெட் மாத்திரம் கொடுக்கண்டா, கேட்டோ" என்றான்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்காததைத்தான் இப்போது
தெரியாது என்று சொல்லிப் பார்க்கிறேன்.

ஐப்பசி அடைமழை. எஸ்-வளைவில் மண் சரிந்து
வண்டியே வராத ஒரு ராத்திரியில் நெட் கொடுத்தேன்.
ஐந்து லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.
ஐந்திலும் நிஜமாகவே யாரோ.
ஒருவன் எனக்காக வேகத்தைக் குறைத்தான்,
இரண்டு முறை ஹாரன் அடித்தான், நடுவில் இடம் விட்டான்.
பதினெட்டு ராத்திரி அவர்களோடு ஓடினேன்.
அவன் பெயர் வெறும் எண்கள். கடைசி எண் ஏழு.

பத்தொன்பதாவது ராத்திரி திரையில் எழுத்து.
திருட்டுப் பிரதி. நிரந்தரத் தடை.
இந்தப் பெட்டிக்கு. மேல்முறையீடு இல்லை.

சரி, திருடினேன்.
அந்தப் பனியை எவளோ ஒருத்தி
சம்பளத்துக்கு உட்கார்ந்து வரைந்திருப்பாள்.
கண்ணாடியில் துளி விழுந்து வழிகிற விதத்துக்கே
ஒரு மாதம் போயிருக்கும்.
அவள் கூலியில் ஷைஜு கொஞ்சம் எடுத்தான், நான் கொஞ்சம்.
பூட்ஸுக்குள் கால் நனைய நிற்கிறவனுக்கு
அது புரியாமல் இல்லை.

ஆனாலும் ஆவுடையம்மாளை நினைத்துக்கொள்கிறேன்.
ஒன்றுவிட்டு ஒருநாள் புனலூர் பஸ்ஸில் வருவாள்,
சீட்டுக்கடியில் ரேஷன் அரிசி, மேலே பழைய சேலை.
பறக்கும் படை ஏறும். மூட்டையை இழுத்து ரோட்டில் போடும்.
இவள் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் கூப்பிட்டு வைவாள்.
பிறகு விசில். பஸ் புறப்படும்.
ஜன்னலோரம் அவள் இருப்பாள்.
மூட்டையைத்தான் இறக்குகிறார்கள்.
ஆரியங்காவுக்கு இனி வராதே என்று
யாரும் அவளிடம் சொன்னதில்லை.

டீக்கடையில் அவளிடமே கேட்டேன்.
விளையாட்டு, கம்பெனி, தடை, எல்லாம் சொன்னேன்.
"காசு குடுத்து வாங்குனா என்ன வெல?"
"நாலாயிரம்."
"வெளையாடுததுக்கா?"
டீயை ஆற்றினாள். நெடுநேரம் ஆற்றினாள்.
"அவராதம் போட்டா கெட்டுவியா?"
கட்டுவேன் என்றேன்.
"கெட்டமாட்ட. நானும் கெட்டுனதில்ல.
அதாம்ல அவன் ரோட்டையே எடுத்துட்டான்."

பெட்டி இப்போதும் ஓடுகிறது, நெட் இல்லாமல்.
அதே பனி. அதே மரச்சட்டம். சாலை முழுக்க எனக்கு.
அவன் இடம்விட்ட சரிவில்
நானே இரண்டு முறை ஹாரன் அடித்துப் பார்த்தேன்.
பக்கத்து அறையிலிருந்து மதினி சுவரைத் தட்டினாள்.

முப்பிடாதி மூவாயிரத்துக்குக் கேட்கிறான்,
தங்கச்சி மகனுக்காம். பையனுக்கு லாரி என்றால் உயிராம்.
தடை என்னோடு நிற்காது, பெட்டியோடு போகும்.
அவனிடம் நான் என்ன சொல்ல,
நெட் மட்டும் கொடுக்காதே என்றா?

காலையில் குட்டநாட்டு வாத்து வண்டி ஒன்று.
கையைக் காட்டித் திருப்பினேன்.
"எத்தனை நாளைக்கு?" என்றான் டிரைவர்.
தெரியாது என்றேன்.
அவன் நம்பவில்லை.