முப்பது விழுக்காடு

பணியாரச் சட்டியைக் கவிழ்த்தது போல்
குன்றும் குன்றும் நெருங்கிக் கிடக்கிற மோனகன்.
அயர்லாந்தில், எல்லைக்கோட்டுக்குச் சற்று இப்பால்.
விட்டும் விடாத மழையோடு ஒரு வியாழன் இரவு.
தேவாலயக் கூடத்தில் நாற்பது நாற்காலி,
இருபத்தாறு ஆள்,
கொதிக்க நேரமெடுக்கும் ஒரு வெந்நீர்க் கெண்டி.

டப்ளின் அனுப்பிய படிவம் நாற்பத்தொரு பக்கம்.
எழுபது விழுக்காடு நாங்கள் தருவோம்,
மீதி முப்பதை ஊர் போட வேண்டும்,
நாளை மாலை ஐந்துக்குள்.

பொருளாளர் டிம்ப்னா மக்கார்வி.
பகலில் காளான் கொட்டகையில் கணக்கு.
மார்ச்சிலிருந்து நிரப்புகிறாள்.
கழிவின் அளவு, டன்னில்.
எழுதினாள்.
கழிவின் தன்மை.
எழுதினாள்: மாட்டுச் சாணக் குழம்பு, கோழி எச்சம்,
காளான் விளைந்து ஓய்ந்த உரம்,
பள்ளிக்கூடத் தட்டில் மிஞ்சும் உருளைக்கிழங்கு.
கழிவின் உரிமையாளர்.
அங்கேதான் பேனா நின்றது.

போன வருஷம் வரை
அது யாருடையதும் இல்லை.
ஓடையில் கலந்து மீன் மிதந்தபோது
ஒவ்வொருவர் விரலும் அடுத்தவர் வேலியைக் காட்டியது.
டன்னுக்கு இத்தனை யூரோ என்று
கூட்டுறவு வாய் திறந்த அன்று
எல்லார் வீட்டுச் செல்லப்பிள்ளை.

"நாறும்" என்றார் ஃபெர்கல் ட்ரேனர் பின்வரிசையிலிருந்து.
"இப்போது மட்டும் மணக்கிறதாக்கும்!"
யார் சொன்னதென்று தெரியவில்லை.
சிரிப்பில் கெண்டியின் விசில் அமுங்கிப் போயிற்று.
"பங்குதாரர் மட்டுமே ஆட்சேபம் சொல்லலாம், ஃபெர்கல்.
விதி ஒன்பது" என்றாள் டிம்ப்னா,
தலை நிமிராமல்.

வேண்டியது மூன்று லட்சத்து அறுபதாயிரம்.
கடன் சங்கம் தரும் இருபத்தைந்தாயிரத்தையும் சேர்த்தால்
பதினாறாயிரம் துண்டு விழுகிறது.
ஐந்நூறு யூரோ ஒரு பங்கு.
ஆசிரியர் ஒருவர் இரண்டு என்றார்.
கன்று விற்ற கையோடு வந்தவன் நான்கு.
குழாய் தன் நிலத்தில் போகாதென்று உறுதியானதும்
காத்தல் டஃபி பெருந்தன்மையாக ஐந்து.
இன்னும் ஐந்து, ஒன்றிரண்டாய் உதிர்ந்து வந்தது.
பிறகு கூடம் தன் காலணிகளைப் பார்த்தது.

கதவருகே உட்காராமல் நின்றிருந்தார்கள்
லித்துவேனியாவிலிருந்து வந்து காளான் பறிப்பவர்கள், ஒன்பது பேர்.
ஜிவிலே ஒரு உறையை நீட்டினாள்.
"எங்களுக்கு நிலம் இல்லை.
வாங்கலாமா?"

டிம்ப்னா விதிப்புத்தகத்தைப் புரட்டினாள்.
இப்பங்கில் வசிப்போர், என்றுதான் இருந்தது.
ஏக்கர் என்ற சொல்லே எங்கும் இல்லை.
பதினோரு வருஷமாக அந்த உரத்தை
அள்ளிக் கொட்டுகிற கைகள் என்பதும்
எங்கும் இல்லை.
ஒன்பது பங்கு. எண்ணி வாங்கினாள்.

மீதி ஏழு.

மழை பலத்தது.
நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.
ஃபெர்கல் காசோலைப் புத்தகத்தோடு வந்து நின்றார்.
"ஆட்சேபம் சொல்ல ஒரு பங்கு போதும்" என்றாள்.
"எனக்கு ஏழு பங்குச் சத்தம் இருக்கிறது" என்றார்.
"நாறும். நடவடிக்கைக் குறிப்பில் எழுது."
எழுதினாள்.
அவர் பேனாவின் மூடியை அங்கேயே மறந்து
தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளி மாலை நான்கு முப்பத்தெட்டு.
காலியாய்க் கிடந்த அந்த ஒரே கட்டத்தில்
இணைப்பைப் பார்க்கவும், என்று அடித்தாள்.
நூற்று நாற்பத்தெட்டுப் பெயர்கள்.
கடைசிப் பெயருக்கு எதிரே
ஆட்சேபத்துடன்.

பெறப்பட்டது, என்றது திரை.
முடிவு நவம்பரில்.

நவம்பர் வரை காத்திருக்க அதற்குத் தெரியாது.
டஃபியின் குழியில், இருட்டில்,
குழம்பு மெல்லப் புரண்டு கொடுக்கிறது.
ஒரு குமிழி எழுகிறது, உடைகிறது.
ஒரு கெண்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கும்.
இன்னொன்று எழுகிறது.