பதினொரு இடத்தில் ஒரு படகு

பெர்கன் துறையில் மழை நிற்பதில்லை.
நின்றால்தான் அங்கே செய்தி.

ஐந்து நாற்பது படகு
முகப்புப் பக்கத்தில் கிளம்பிவிட்டது,
பயணச்சீட்டுப் பக்கத்தில் கிளம்பவில்லை,
கைபேசி அறிவிப்பில் இன்னும் வந்தே சேரவில்லை.
மூன்றையும் நம்பி நனைந்தார் ஓட்வார்,
கையில் மகளின் சைக்கிள்.
எங்களுக்குப் போன் செய்தார். திட்டவில்லை.
"இதில் எந்தப் படகை நான் தவறவிட்டேன்?"
அவ்வளவுதான் கேட்டார்.

சில்யே தேடினாள்.
பதினொரு கோப்புகளில்
சர்வரிடம் ஒரே கேள்வி, பதினொரு விதமாய்.
ஒன்று முப்பது வினாடிப் பழசைப் பொறுக்கும்.
ஒன்று பத்து நிமிடப் பழசையும்
புதுசென்று சாதிக்கும்.
சாவியின் பெயரை ஒருவன் 'படகு' என்று வைத்திருந்தான்,
இன்னொருவன் 'படகுகள்'.
அந்த இன்னொருவன் நான்.
ஒரு 'கள்' கூடியது,
படகு தள்ளாடிவிட்டது.

மாலைக்குள் ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதினாள்:
சாவி இது,
கேட்கும் வழி இது,
இத்தனை வினாடி போனால் பழசு,
வருவது இந்த உருவில் வரும்.
இனி யாரும் கேள்வியைப் புதிதாய் எழுத வேண்டாம்,
இதைக் கையில் எடுத்துப்போனால் போதும்,
முகப்புக்கு, சீட்டுக்கு,
பயணி வருமுன்பே நிரப்பிவைக்கும் இடத்துக்கு,
படகு நகர்ந்ததும் பழையதை
செல்லாதென்று அடிக்கும் இடத்துக்கு.
உருவம் கூடவே போகும்,
சொல்லி அனுப்பத் தேவையில்லை.

நான் எழுதியவற்றை நானே அழித்தேன்.
அது இவ்வளவு சுகமென்று தெரியாது.

கடைசிக் கோப்பில் சிவப்புக் கோடு.
வரும் நேரம்
இல்லாமலும் இருக்கலாம் என்கிறது டைப்.
இல்லாவிட்டால் என்ன காட்டுவாய் என்கிறது கோடு.
முன்பு அந்த இடத்தில்
ஓர் ஆச்சரியக்குறி போட்டுத் தாண்டியிருந்தேன்,
'இருக்கும், நம்பு' என்று.
மூடுபனியில் மாலுமிக்கே தெரியாத நேரத்தை
எனக்குத் தெரியும் என்றிருக்கிறேன்,
இரண்டு வருடமாய்.

'தாமதம்' என்று சில்யே தட்டினாள்.
அழித்தாள்.
தாமதம் என்றால் வரும் என்றல்லவா அர்த்தம்.
காபி ஆறியது.
ஒரு வாக்கியத்துக்கு இரண்டு பேர், அரை மணி நேரம்:

'எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.
காத்திருக்கும் அறை திறந்திருக்கிறது.'

எழுத்துச் சரம்தானே, கம்பைலர் ஏற்றுக்கொண்டது.
பதினொரு பக்கமும் ஒன்றையே சொன்னது.

மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு
துறைக்கு நடந்தேன்,
அறை திறந்திருக்கிறதா என்று பார்க்க.